ரோலில் மிஞ்சிய படம்

இறந்த குழந்தைக்குப் படம் போடுவது போட்டோ ஸ்டுடியோத் தொழிலில் தனியான வேலை. பெரியவர்களின் படத்துக்கு நாள் கணக்கு உண்டு. பதினாறாம் நாள் விசேஷத்துக்குள் பிரேம் போட்டு வந்தாக வேண்டும். மூத்த மகனோ மருமகனோ மூன்றாம் நாளே கடைக்கு வந்து சைஸ் சொல்லி, முன்பணம் கொடுத்துவிட்டுப் போவார். குழந்தைக்கு அப்படிக் கெடு எதுவும் கிடையாது. சிறு குழந்தைகளைப் பெரும்பாலும் எரிப்பதில்லை, புதைப்பார்கள். சடங்கும் பெரிதாக இராது. சடங்கு இல்லாத இடத்தில் படத்துக்கும் அவசரம் இல்லை. அதனால் அந்த வேலை மூன்று மாதம் கழித்து வரும், ஒரு வருடம் கழித்து வரும், சில வீடுகளிலிருந்து வராமலே போகும். வருகிறவரும் அநேகமாகத் தாயோ தகப்பனோ அல்ல, தாய்மாமன். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் படத்தை எடுத்து மேஜையில் வைத்து, "இத கொஞ்சம் பெரிசு பண்ணணும் அண்ணாச்சி" என்பார். வேறு எதுவும் சொல்லமாட்டார். ஸ்டுடியோக்காரருக்கு விஷயம் விளங்கிவிடும். உயிரோடு இருக்கும் குழந்தையின் பழைய படத்தை யாரும் பெரிசு பண்ணுவதில்லை. புதிதாக ஒன்று எடுத்துக்கொள்வார்கள்.

இங்கே வருபவை திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், கறுப்பு வெள்ளைக் காலத்தில் தொடங்கிக் கம்ப்யூட்டர் காலம் வரை ஸ்டுடியோ நடத்திய ஒருவரின் கைப்பழக்கத்தில் தெரிந்தவை.

அந்தச் சின்னப் படம் பெரும்பாலும் மூன்று வகையில் ஒன்றாக இருக்கும். முதல் வகை, குழந்தை குப்புற விழுந்து தலை தூக்கும் மாதத்தில் எடுத்தது: வெல்வெட் விரித்த பெஞ்சு, உடம்பில் துணி இல்லை, இடுப்பில் அரைஞாண் மட்டும். இரண்டாவது, முதல் மொட்டைக்கு முந்தியது. திருச்செந்தூரிலோ குலதெய்வக் கோயிலிலோ முடி இறக்குமுன் ஆண் குழந்தைக்கும் பாவாடை கட்டி, சடை பின்னி, பூ வைத்து, முதுகுப் பக்கம் கண்ணாடியைச் சாய்த்து வைத்து எடுப்பார்கள். முகமும் சடையும் ஒரே படத்தில் வரும். மூன்றாவது கிருஷ்ணர் வேஷம். அதற்கு மூலம் காலண்டர். நாடகத்திரை தீட்டும் வேலையோடு வந்து கோவில்பட்டியில் தங்கிவிட்ட சி. கொண்டையராஜூவும் (1898–1976) அவருடைய சீடர்களும் வரைந்த தெய்வப் படங்கள் காலண்டராக வீட்டுக்கு வீடு தொங்கிய காலம் அது. தாய்மார்கள் காலண்டரைச் சுருட்டிக் கையிலேயே கொண்டு வந்து, "இது மாதிரி" என்பார்கள். ஸ்டுடியோவின் பின்திரையில் இருந்த மாடிப்படி, தூண், அன்னம் மிதக்கும் குளம் எல்லாமே நாடகத்திரை வழிவந்த சரக்குத்தான்.

இந்த மூன்று வகையிலும் குழந்தை சிரிக்காது. குற்றம் குழந்தைமேல் இல்லை, வெளிச்சத்தின்மேல். அந்தக் காலத்து ஸ்டுடியோவில் ஐந்நூறு வாட் பல்புகள் இரண்டு மூன்று இருக்கும். பிலிமின் வேகமோ நூறு, மிஞ்சினால் நூற்றிருபத்தைந்து. உதகையில் 1960-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் 'இந்து' பிலிமும் அந்த ரகந்தான். லென்ஸை ஓரளவு மூடி ஷட்டரை விநாடியில் முப்பதில் ஒரு பங்கு, பதினைந்தில் ஒரு பங்கு என்று வைத்தாக வேண்டும். சிரிக்கிற குழந்தை அதற்குள் ஆடிவிடும். ஆடாமல் இருக்கிற குழந்தை என்றால் அது பயந்துபோன குழந்தை. கிலுகிலுப்பையை ஆட்டி, காக்கா பார் என்று கூவி, அது திகைத்து நிற்கும் அரை நொடியில் தட்டிவிடுவதே தொழில் சூட்சுமம். ஆக, ஊரெல்லாம் ஆல்பங்களில் இருப்பது குழந்தைகளின் திகைப்பு. எலெக்ட்ரானிக் பிளாஷ் சிற்றூர்களுக்கும் வந்து, விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்கு வெளிச்சம் அடித்த பிறகே ஸ்டுடியோப் படங்களில் குழந்தைகள் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

படமே இல்லாமல் போன குழந்தைகள் அதைவிட அதிகம். 1971-இல் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 பேர் ஒரு வயது முடியுமுன் இறந்தார்கள். 2020-இல் அந்த எண் 28, தமிழ்நாட்டில் 13. முந்தைய கணக்கில் சேர்ந்தவர்களில் கேமரா முன் ஒருமுறையாவது வந்தவர்கள் மிகச் சிலரே. அதனால்தான் இறந்த பிறகு படம் எடுக்கும் வழக்கம் இருந்தது. 1839-இல் தாகேரின் முறை வெளியான சில ஆண்டுகளுக்குள்ளேயே ஐரோப்பாவில் இறந்த குழந்தைகளைத் தாய் மடியில் கிடத்தி எடுத்தார்கள். இங்கேயும் அதே மடிதான். படம் எடுத்த பிறகு, "கண்ண மட்டும் தொறந்து குடுங்க" என்று கேட்பார்கள். மூடிய இமைமேல் தூரிகையால் கண் எழுதுவது கைதேர்ந்தவருக்குப் பத்து நிமிட வேலை. எழுதிய கண் எந்தக் குழந்தையின் கண்ணாகவும் இருந்ததில்லை.

சின்னப் படத்தைப் பெரிசு பண்ணுவதற்கு முதலில் காப்பி நெகட்டிவ் எடுக்க வேண்டும். படத்தைப் பலகையில் பதித்து, இரு பக்கமும் சாய்வாக விளக்கு வைத்து, பளபளப்பு அடிக்காமல் எடுப்பது. பிறகு டச்சிங். நெகட்டிவின் மருந்துப் பக்கம் டச்சிங் மீடியம் தடவி, ஊசியாகச் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாகத் தொட்டால், தொட்ட இடம் பிரிண்டில் வெளுக்கும். பிளேடு முனையால் மருந்தைச் சுரண்டினால் அந்த இடம் கறுக்கும். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு அம்மைத் தழும்பை மறைக்கலாம், கண்ணுக்கடியில் கிடக்கும் நிழலை எடுக்கலாம், எழுபது வயதை ஐம்பத்தைந்தாக்கலாம். பெரியவர்கள் படத்தில் இது மரியாதை. வீட்டுக்காரர்களும் அதைத்தான் எதிர்பார்ப்பார்கள். குழந்தைப் படத்திலும் அப்படியே செய்யலாம் என்று நினைப்பது இத்தொழிலின் பெரிய பிழை. மேலே சொன்ன ஸ்டுடியோக்காரர் அந்தப் பிழையைச் செய்துதான் தெரிந்துகொண்டார்.

ஸ்டுடியோவை ஒட்டிய தையல் கடைக்காரரின் இரண்டாவது மகள் 1983 தை மாதம் பிறந்தவள். வீடு கடைக்குப் பின்னாலேயே. நடை பழகிய நாளிலிருந்து அவளுக்கு ஸ்டுடியோ வாசல்படிதான் திண்ணை. ஸ்டுடியோக்காரர் அவளுக்குப் போட்டா மாமா. டார்க் ரூம் கதவு சாத்தியிருந்தால் தட்டுவாள். உள்ளே தட்டுகளில் தண்ணீர் அலம்பும் சத்தம், ஹைப்போ மருந்தின் காட்டமான வாசனை. "மாமா, உள்ள என்ன சமைக்கிய?" ஹைப்போ குழம்பு என்று ஒருநாள் பதில் வந்தது. அன்று சாயங்காலத்துக்குள் போட்டா மாமா வீட்டில் ஐப்போக் கொழம்பு என்று தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. அடுத்த நாள் கையில் ஒரு டம்ளரோடு வந்து நின்றாள்.

தகப்பனார் ஜோடி சேராத பட்டன்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவைப்பார். அவற்றைக் காஜா நூலில் கோத்து அவள் ஒரு மாலை வைத்திருந்தாள். கோட்டுப் பட்டன், ஜாக்கெட் ஊக்கு, ஒரு பித்தளைப் போலீஸ் பட்டன் எல்லாம் அதில் உண்டு. பாஸ்போர்ட் சைஸ் எடுக்க வந்து பெஞ்சில் விறைத்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு அதைக் கழுத்தில் போட்டுவிடுவாள். பரீட்சை ஹால் டிக்கெட்டுக்குப் படம் எடுக்க வந்த பையன் ஒருவன் அந்த மாலையோடேயே பதிவாகி, மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. ஸ்டுடியோவில் அலங்காரத்துக்கு வைத்த ஒயர் இல்லாத டெலிபோன் ஒன்று இருந்தது. அதில் தூத்துக்குடியில் இருக்கும் தாய்மாமனைக் கூப்பிட்டு மக்ரூன் ஆர்டர் கொடுப்பாள்: பத்து, அக்காவுக்கு ரெண்டு போதும். மாமன் நிஜமாகவே மக்ரூன் வாங்கிக்கொண்டு வந்துவிட்ட ஒரு தீபாவளிக்குப் பிறகு அந்த டெலிபோனில் அவளுக்கிருந்த நம்பிக்கையை யாரும் அசைக்க முடியவில்லை. இடது புருவத்தில் ஒரு வெட்டு. தையல் மெஷினின் மிதிகட்டையில் விழுந்து பட்டது. அதைக் கேட்பவர்களிடமெல்லாம் மெஷினுக்கு எத்தனை தையல் போட்டார்கள் என்று சொல்வாள். அடிபட்டது மெஷின் என்பதே அவள் கணக்கு.

1987 ஐப்பசியில் மூன்று நாள் காய்ச்சல். நான்கு வயது ஒன்பது மாதம்.

தை கழிந்து தையல்காரர் வந்து கேட்டார். ரிஜிஸ்டரில் அவள் பெயரில் நான்கு நெகட்டிவ் இருந்தன: குப்புறக் கிடந்தது ஒன்று, மொட்டைக்கு முந்தியது ஒன்று, அக்காளோடு நிற்பது ஒன்று, பள்ளிக்கூடத்துக்கு எடுத்த பாஸ்போர்ட் சைஸ் ஒன்று. கடைசியதுதான் வயதுக்குப் பொருத்தம் என்று ஸ்டுடியோக்காரர் அதை எடுத்துக்கொண்டார். மூன்று இரவு உட்கார்ந்து டச் பண்ணினார். கலைந்த முன்முடியை ஒதுக்கினார், உதட்டோரத்து வெடிப்பை எடுத்தார், புருவத்து வெட்டைப் பென்சிலால் நிரப்பினார். பன்னிரண்டுக்குப் பதினைந்தில் பிரிண்ட் போட்டு, கன்னத்தில் லேசாகக் கலரும் ஏற்றினார். தொழில் அளவில் அதைவிடச் சுத்தமான வேலை அந்த ஸ்டுடியோவிலிருந்து போனதில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். இரண்டு நாளில் தாய் படத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார்.

"மூஞ்சி நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. ஆனா எங்க புள்ள இப்படிச் சும்மா இருக்காதுல்லா. புருவத்துல வெட்டு எங்க?"

டச் பண்ணின பென்சிலைத் துடைத்து எடுத்துவிடலாம், அது பெரிய காரியமில்லை. முதல் கேள்விக்குத்தான் பதில் இல்லாமல் போயிற்று. அப்போது ஸ்டுடியோக்காரருக்கு வேஸ்ட் கவர் நினைவுக்கு வந்தது. நூற்றிருபது பிலிமில் சதுரப் படம் பன்னிரண்டு விழும். பாஸ்போர்ட் படத்துக்கு வந்தவர்கள் எட்டுப் பேரோ ஒன்பது பேரோ ஆனதும் அவர்கள் அவசரத்துக்கு ரோலைக் கழுவியாக வேண்டும். மிஞ்சும் இரண்டு மூன்று படத்தை வாசலில் எது நிற்கிறதோ அதைப் பார்த்துத் தட்டிவிட்டு ரோலை முடிப்பார்கள். மாடு, சைக்கிள், எதிர்க்கடைப் பலகை என்று எதுவானாலும் சரி. அவை ரிஜிஸ்டரில் ஏறாது. நறுக்கி ஒரு பழுப்புக் கவரில் கிடக்கும். அந்தக் கவரைக் கொட்டி லைட் பெட்டிமேல் பரப்பியபோது அவள் பதினொரு படத்தில் இருந்தாள். வாசல்படியில் நிற்பவள் அவளாகவே இருந்ததால் மிஞ்சிய பிலிமெல்லாம் அவளுக்கே போயிருந்தது. எடுத்தவருக்கே அது தெரியவில்லை.

பதினொன்றையும் சின்னதாகப் பிரிண்ட் போட்டுக் காட்டியதில் தாய் எடுத்தது ஒன்று. மற்றவர் பார்வையில் அது கழிவுதான். ரோஜா நிற ஜாக்கெட் பிட்டில் தைத்த கவுன். படத்தில் அது சாம்பல் நிறம். பட்டன் மாலையைக் கையில் பிடித்து லென்ஸுக்கு நேரே ஆட்டுகிறாள். அந்தக் கையும் மாலையும் ஆடிக் கலங்கிப்போயிருக்கின்றன. வாய் முழுக்கத் திறந்திருக்கிறது, ஒரு கண் பாதி மூடியிருக்கிறது. பின்னால் தெளிவில்லாமல் மெஷினும் மிதிக்கும் காலும். புருவத்து வெட்டு மட்டும் கத்தி போலத் தெளிவு. "கூப்பிடுத மாதிரில்லா இருக்கு" என்றார் தாய். அது பத்துக்குப் பன்னிரண்டில் பிரிண்ட் ஆனது. தூசிப் புள்ளிகளை அடைத்ததைத் தவிர வேறு எதையும் தொடவில்லை. தையல்காரர் அதைப் பெரியவர்கள் படங்களின் வரிசையில் மாட்டவில்லை; கடையில், மெஷினுக்கு மேலே மாட்டினார். மாலையும் போடவில்லை. துணி கொடுக்க வரும் வெளியூர்க்காரர்கள், "சின்ன மகளா? சேட்டக்காரியா இருப்பா போல" என்பார்கள். "ஆமா, பெரிய சேட்ட" என்று சொல்லிக்கொண்டே அளவு எடுப்பார்.

அதன் பிறகு அந்த ஸ்டுடியோவில் முறை மாறியது. குழந்தைப் படம் என்று யார் வந்தாலும் முதல் கேள்வி சைஸ் அல்ல, டீ சொல்லி உட்கார வைத்து, "புள்ள என்ன பண்ணும்?" என்று கேட்பது. முதலில் பதில் வராது. பிறகு தாய்மாமனே தொடங்குவார்: செருப்பை இடம் மாற்றித்தான் போடுவான், கோழியைப் பின்னாலேயே விரட்டிக்கொண்டு போய் அது திரும்பினால் அழுவான், பஸ் ஹாரன் அடித்தால் பதிலுக்கு அடிப்பான். சொல்லச் சொல்ல அவரே சிரித்துவிடுவார். பல வீடுகளில் சாவுக்குப் பிறகு அந்தக் குழந்தையைப் பற்றிச் சிரித்தது அந்த ஸ்டுடியோ பெஞ்சில்தான் முதல்முறையாக இருந்திருக்கும். அந்தப் பேச்சிலிருந்து எந்தப் படத்தைத் தேட வேண்டும் என்பது தெரிந்துவிடும். அடுத்த நாள் வீட்டிலிருக்கும் கல்யாண ஆல்பம், காதுகுத்து ஆல்பம் எல்லாவற்றையும் கொண்டு வரச் சொல்வார். குழந்தை நடுவில் உட்கார்ந்திருக்கும் படம் உதவாது. யாரோ தாம்பாளம் வாங்கும்போது மூலையில் பந்தல் காலைச் சுற்றிக்கொண்டிருக்கும் படம் உதவும். தலை கடுகளவுதான் இருக்கும், பெரிசு பண்ணினால் மணல் மணலாகத் தெரியும். மணலாகத் தெரிவதைப் பற்றி எந்தத் தாயும் குறை சொன்னதில்லை.

படத்துக்குக் கீழே எழுதுவது பற்றி இரண்டு வார்த்தை. பெரியவர்களுக்குத் தோற்றம், மறைவு. குழந்தைகளுக்கு மலர்வு, உதிர்வு என்று எழுதும் வழக்கம் உண்டு. இரண்டு தேதியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் பார்ப்பவர் கண் கழித்தல் கணக்குக்குப் போய்விடும், முகத்துக்கு வராது. வீட்டில் கூப்பிட்ட செல்லப்பெயரை மட்டும் எழுதச் சொல்வது நல்லது. எதையும் எழுதாமல் விடுவது அதைவிட நல்லது.

கலர் லேப் வந்த பிறகு வேஸ்ட் கவர் என்பதே இல்லாமல் போயிற்று. நெகட்டிவும் மேக்ஸி சைஸ் பிரிண்டும் வாடிக்கையாளர் கையிலேயே போய்விட்டன. நெகட்டிவைத் தொலைத்தவர்களிடம் மிஞ்சிய அந்தக் காலத்துக் கலர் பிரிண்டுகள் பல இன்று சிவப்பேறிக் கிடக்கின்றன. இன்னொரு இழப்பு கறுப்பு வெள்ளை நெகட்டிவில் இருக்கும் வெள்ளியால் வந்தது. வெள்ளி உருக்குபவர்கள் பழைய நெகட்டிவை எடை போட்டு வாங்கினார்கள். கடையைக் காலி செய்த எத்தனையோ ஸ்டுடியோக்காரர்கள் மூட்டை மூட்டையாகக் கொடுத்தார்கள். அந்த மூட்டைகளில் எத்தனை வாசல்படிக் குழந்தைகள் போனார்கள் என்பதற்குக் கணக்கு இல்லை.

இப்போது செல்போனில் ஒரு குழந்தைக்கு ஆயிரம் படமும் நூறு வீடியோவும் இருக்கும். தட்டுப்பாடு போய்த் திகட்டல் வந்துவிட்டது. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் வேலை. அதற்கும் மருந்து "புள்ள என்ன பண்ணும்?" என்ற அதே கேள்விதான். கம்ப்யூட்டரில் எதையும் மாற்றலாம் என்பதால் வேறு வகைக் கோரிக்கைகளும் வருகின்றன: புதுச் சட்டை மாட்டச் சொல்வார்கள், இறக்கை வைக்கச் சொல்வார்கள், இருந்திருந்தால் இன்று பத்து வயது, அப்படி வளர்த்துத் தாருங்கள் என்பார்கள். அசையாத படத்தைக் கண் சிமிட்டவும் தலை திருப்பவும் வைக்கும் கருவியை 2021-இல் மைஹெரிடேஜ் என்ற நிறுவனம் வெளியிட்டது. இன்று அதைச் செய்யும் ஆப்கள் பல. சட்டை மாட்டுவதில் தவறில்லை. கண் சிமிட்ட வைப்பது மூடிய இமையில் கண் எழுதிய பழைய வேலையேதான், கருவிதான் புதிது. எல்லாக் குழந்தையும் ஒரே மாதிரி தலை திருப்பும். அந்தக் குழந்தை அப்படித் திருப்பியதா என்பதைத் தாயிடம் கேட்டால் போதும்.

வீட்டில் படத்தைக் காக்கும் முறை எளியது. மழைக்காலத்தில் ஓதம் ஏறும் சுவரிலும் வெயில் நேராக விழும் சுவரிலும் மாட்டக் கூடாது. பிரேம் போடும்போது கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையில் அட்டை வெட்டி இடைவெளி விடச் சொல்ல வேண்டும். நெகட்டிவ் இருந்தால் அதைப் பூஜை அறையில் விளக்குப் பக்கம் வைக்காமல், காகித உறையில் போட்டுக் காய்ந்த இடத்தில் வைக்க வேண்டும். செல்போன் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பி வாங்கினால் சுருங்கிவிடும். போனிலிருந்து நேராகக் காப்பி எடுத்து இரண்டு இடத்தில் வைப்பது நல்லது. பழைய பிரேமில் படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தால் பிய்த்தெடுக்கக் கூடாது, முகம் கண்ணாடியோடு வந்துவிடும். பிரேமை மட்டும் கழற்றி, கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் எடுக்கக் கொடுங்கள்.